வில்லியம் லாசெல்

வில்லியம் லாசெல் (ஜூன் 18, 1799 – அக்டோபர் 5, 1880) இங்கிலாந்தைச் சேர்ந்த பீர் வடிசாலை உரிமையாளரும் வானியலாளரும் ஆவார். நெப்டியூன் கோளின் மிகப் பெரிய துணைக்கோளான டிரைட்டனை 1846 இலும், யுரேனசின் துணைக்கோள்களான ஏரியல், அம்பிரியல் ஆகியவற்றை 1851 இலும் கண்டுபிடித்தார். சனியின் துணைக்கோளான ஹைப்பீரியனை இவரும் அமெரிக்க வானியலாளர்களான பாண்டு தந்தை மகன் இருவரும் 1848 இல் தனித்தனியே கண்டறிந்தனர். இந்தக் கண்டுபிடிப்புகள் அனைத்தும் லிவர்ப்பூல் நகருக்கு அருகில் இவருடைய வீட்டை ஒட்டி அமைந்த சொந்த வான்காணகத்தில் நிகழ்ந்தவை. எடை மிகுந்த எதிரொளிப்புத் தொலைநோக்கிகளை ஈக்குவடோரியல் தாங்கியில் நிறுத்திப் பயன்படுத்தியவர்களுள் இவர் முன்னோடி. துணைக்கோள்களைக் கண்டுபிடித்தவர் என்றே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறார். ஆயினும் அக்கண்டுபிடிப்புகளுக்கு இவருடைய கண்ணைப் போலவே இவர் அமைத்த தாங்கியும் காரணமாகும்.

இளமையும் தொழிலும்

லாசெல் லங்காசயர் பகுதியிலுள்ள போல்ட்டன் நகரில் பிறந்தார். தந்தை மர வணிகர். லாசெல் சிறுவனாக இருந்தபோதே தந்தை இறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்தபின் லிவர்ப்பூலில் ஒரு வணிகரிடம் ஏழாண்டுகள் தொழில் பழகினார். பல்கலைக்கழகக் கல்வி எதுவும் பெறவில்லை. பின்னர் 1825 ஆம் ஆண்டளவில் பீர் வடிக்கும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கினார். துறைமுகத்தால் செழித்துக் கொண்டிருந்த லிவர்ப்பூலில் அத்தொழில் அவருக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித் தந்தது. 1827 இல் மரியா கிங் என்பவரை மணந்தார்.

தொலைநோக்கி மீதான ஆர்வம் செல்வம் வருவதற்கு முன்பே தோன்றியது. நல்ல தொலைநோக்கியை விலை கொடுத்து வாங்க இயலாத நிலையில், ஏறத்தாழ 1820 இல் தாமே ஆடி தேய்க்கத் தொடங்கி, 7 அங்குல விட்டமுள்ள நியூட்டன் வகைத் தொலைநோக்கி ஒன்றையும் அதே அளவில் கிரெகரி வகைத் தொலைநோக்கி ஒன்றையும் செய்து முடித்தார். பின்னர் பணம் சேர்ந்த பிறகும் தொலைநோக்கிகளைத் தாமே வடிவமைக்கும் பழக்கத்தை இவர் கைவிடவில்லை.

ஸ்டார்ஃபீல்டு வான்காணகம்

லிவர்ப்பூலின் புறநகரான வெஸ்ட் டெர்பியில் லாசெல் தம் இல்லத்தை அமைத்துக்கொண்டார். விண்மீன்களின் வயல் எனப் பொருள்படும் ஸ்டார்ஃபீல்டு என்பது அதன் பெயர். 1840 ஆம் ஆண்டளவில் அங்கே சுழலும் கூரையுடன் ஒரு வான்காணகம் எழுந்தது. அதில் 9 அங்குல (ஏறத்தாழ 23 செ.மீ.) விட்டமுள்ள நியூட்டன் வகைத் தொலைநோக்கியை ஈக்குவடோரியல் தாங்கியின் மீது நிறுத்தினார். எதிரொளிப்புத் தொலைநோக்கி ஒன்று இவ்வகைத் தாங்கியில் பொருத்தப்பட்ட தொடக்ககால எடுத்துக்காட்டுகளில் இது குறிப்பிடத்தக்கது. இக்கருவி கொண்டு, ஓரியன் நெபுலாவின் நடுவிலுள்ள டிரப்பீசியம் விண்மீன் கூட்டத்தின் ஆறாவது விண்மீனை, அது முன்பே அறியப்பட்டது என்பதை அறியாமலேயே கண்டார். 9 அங்குலக் கருவிக்கு இது ஒரு நற்சான்று எனலாம்.

தாங்கி ஏன் முக்கியம்?

புவி சுழல்வதால் வானம் நகர்வது போலத் தோன்றுகிறது. வான் நடுவரைக்கு அருகிலுள்ள ஒரு விண்மீன் ஒவ்வொரு நொடிக்கும் 15 விகலை அளவு நகரும். (ஒரு பாகையில் 3600 விகலைகள் உள்ளன.) உருப்பெருக்கத்தை 500 மடங்காக உயர்த்திப் பார்க்கும்போது கண்ணில் படும் வானப்பரப்பு ஏறத்தாழ 5 கலை, அதாவது 300 விகலை என்று கொண்டால், அந்த விண்மீன் 20 நொடிகளில் பார்வையை விட்டு ஓடிவிடும். எனவே தொலைநோக்கியை இடைவிடாமல் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் எளிய தாங்கியில் இதற்கு இரண்டு அச்சுகளையும் ஒரே நேரத்தில், மாறிக்கொண்டே இருக்கும் வேகங்களில் திருப்ப வேண்டும். வில்லியம் ஹெர்ச்செலின் புகழ்பெற்ற 40 அடித் தொலைநோக்கி அவ்வகையைச் சேர்ந்தது. ஈக்குவடோரியல் தாங்கியிலோ ஓர் அச்சு புவியின் சுழற்சி அச்சுக்கு இணையாக, வான் துருவத்தை நோக்கி நிறுத்தப்படுகிறது. அந்த ஒரே அச்சை, விண்மீன் நாளுக்கு ஒரு முறை என்னும் சீரான வேகத்தில் திருப்பினால் போதும். விண்மீன் இருந்த இடத்திலேயே நிற்கும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. எளிய தாங்கியில் விண்மீன் நடுவில் நின்றாலும், அதைச் சுற்றியுள்ள வானம் கண்ணுக்கு எதிரே மெல்லச் சுழலும். ஈக்குவடோரியல் தாங்கியில் அச்சுழற்சி இல்லை. வடக்கு எப்போதும் வடக்காகவே இருக்கும். ஒரு கோளுக்கு அருகில் காணும் மங்கலான புள்ளி துணைக்கோளா பின்னணி விண்மீனா என்று முடிவு செய்ய, கோளிலிருந்து அது எந்தத் திசையில், எத்தனை விகலை தொலைவில் உள்ளது என்பதை இரவுதோறும் அளக்க வேண்டும். திசை நிலையாக இருந்தால்தான் அந்த அளவீடு பயன் தரும்.

ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் 1824 இல் டோர்பாட்டு வான்காணகத்துக்கு அனுப்பிய ஒளிவிலகல் தொலைநோக்கியில் கடிகாரப் பொறியால் இயங்கும் சிறந்த ஈக்குவடோரியல் தாங்கி இருந்தது. ஆனால் வில்லைகளைக் கொண்ட தொலைநோக்கிக்குப் பொருந்தியது, உலோக ஆடியைக் கொண்ட பெரிய தொலைநோக்கிக்கு எளிதில் பொருந்தவில்லை. எடை ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை ஆடியின் வளைவு. எளிய தாங்கியில் குழாய் சாயும்போது ஆடியும் ஒரே திசையில் மட்டும் சாய்கிறது. ஈக்குவடோரியல் தாங்கியில் ஆடியின் வெவ்வேறு ஓரங்கள் மாறி மாறிக் கீழே வருகின்றன. ஒவ்வொரு நிலையிலும் தன் எடையாலேயே ஆடி மிக நுண்ணிய அளவு வளையும். அதுவே பிம்பத்தைக் கெடுக்கப் போதுமானது. 1845 இல் அயர்லாந்தில் ராஸ் பிரபு நிறுவிய 72 அங்குலத் தொலைநோக்கி அக்காலத்தில் உலகிலேயே மிகப் பெரியது. ஆனால் அது இரண்டு கற்சுவர்களுக்கு இடையே தொங்கியதால், வானின் உச்சிக்கோட்டை ஒட்டிய பகுதியைக் கடக்கும் சிறிது நேரம் மட்டுமே ஒரு பொருளைப் பின்தொடர முடிந்தது.

இந்தச் சிக்கலை லாசெல் ஆடியின் பின்புறத்திலிருந்து அணுகினார். எதிர் எடைகள் கட்டிய நெம்புகோல்கள் பலவற்றை ஆடிக்குப் பின்னால் அமைத்தார். குழாய் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்த நெம்புகோல்கள் தாமாகவே தேவையான அளவு ஆடியைத் தாங்கிக்கொண்டன. பிற்காலத்துப் பெரிய தொலைநோக்கிகள் பலவற்றிலும் இதே கருத்து வேறு வேறு வடிவங்களில் பின்பற்றப்பட்டது.

24 அங்குலத் தொலைநோக்கி

லாசெல் 1844 இல் அயர்லாந்து சென்று, ராஸ் பிரபு ஆடிகளை வார்ப்பதையும் பொறியால் தேய்ப்பதையும் நேரில் கண்டார். திரும்பி வந்து அதே போன்ற பொறியைச் செய்து பார்த்தார். விளைவு அவருக்கு நிறைவளிக்கவில்லை. பின்னர், கையால் மெருகேற்றும்போது உண்டாகும் அசைவுகளைப் போலவே அசையும் வேறொரு பொறியை வடிவமைத்தார். அதைச் செய்து கொடுத்தவர், நீராவிச் சம்மட்டியால் புகழ்பெற்ற பொறியாளர் ஜேம்ஸ் நாஸ்மித். லாசெலுக்கு அவர் நண்பரும்கூட. தொழிற்சாலைகள் நிறைந்த வட இங்கிலாந்தில் வாழ்ந்தது லாசெலுக்கு இவ்வகையில் பேருதவியாக இருந்தது.

ஆடி ஸ்பெகுலம் உலோகத்தால் ஆனது. ஏறத்தாழ இரண்டு பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் கலந்த இக்கலவை வெண்மையாக மெருகேறும்; ஆனால் கண்ணாடியைப் போல் எளிதில் உடையும், ஈரக்காற்றில் மங்கும். மங்கினால் மீண்டும் மெருகேற்ற வேண்டும். ஒவ்வொரு முறை மெருகேற்றும்போதும் ஆடியின் வடிவம் கெட வாய்ப்புண்டு. எனவே தேய்க்கும் பொறியைச் சொந்தமாக வைத்திருப்பது ஆடம்பரமன்று, தேவையே ஆகும்.

24 அங்குல (ஏறத்தாழ 61 செ.மீ.) விட்டமும் 20 அடிக் குவியத் தொலைவும் கொண்ட இத்தொலைநோக்கி, இரும்பாலான ஈக்குவடோரியல் தாங்கியுடன் ஸ்டார்ஃபீல்டில் பெரிய சுழல் கூரையின் கீழ் நிறுவப்பட்டது. இத்தகைய தாங்கியை நிறுவுவதில் கடினமான பகுதி, துருவ அச்சைச் சரியான திசையில் நிறுத்துவதே. அச்சின் சாய்வு இடத்தின் அகலாங்குக்குச் சமமாக இருக்க வேண்டும். லிவர்ப்பூலில் அது 53 பாகைக்குச் சற்று மேல். துருவ விண்மீனை நோக்கி அச்சைத் திருப்பினால் போதும் என்று எண்ணக்கூடும். ஆனால் 1840களில் அவ்விண்மீன் உண்மையான வான் துருவத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரைப் பாகை விலகியிருந்தது. (இன்று அவ்விலகல் அதில் பாதிக்கும் குறைவு.) அச்சு சிறிது பிசகினாலும் விண்மீன் மெல்ல வடக்கிலோ தெற்கிலோ நழுவும். அந்த நழுவலைக் கவனித்துத் திருத்துவது இன்றும் வீட்டு மாடியில் தொலைநோக்கி நிறுவுவோர் செய்யும் வேலைதான்.

டிரைட்டன்

செப்டம்பர் 23, 1846 அன்று பெர்லின் வான்காணகத்தில் யோகான் கால்லே நெப்டியூனைக் கண்டார். செய்தி இங்கிலாந்தை எட்டியதும், புதிய கோளுக்குத் துணைக்கோள்கள் உள்ளனவா என்று தேடுமாறு ஜான் ஹெர்ச்செல் அக்டோபர் 1 அன்று லாசெலுக்குக் கடிதம் எழுதினார். நாட்டில் அரசு வான்காணகங்கள் இருக்க, ஒரு பீர் வடிசாலை உரிமையாளருக்கு அவர் எழுதியது வியப்பாகத் தோன்றலாம். அந்த வேலைக்கு ஏற்ற கருவி லாசெலிடம் இருந்ததை ஹெர்ச்செல் அறிந்திருந்தார்.

லாசெல் அடுத்த நாட்களிலேயே தேடலைத் தொடங்கினார். அக்டோபர் 10 அன்று, அதாவது நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்ட பதினேழாம் நாள், கோளுக்கு அருகில் ஒரு மங்கலான புள்ளியைக் கண்டார். அதுவே டிரைட்டன். அது நெப்டியூனை விட ஏறத்தாழ 200 மடங்கு மங்கலானது. கோளிலிருந்து அதிகபட்சம் 17 விகலை அளவே விலகும். அது கோளுடன் சேர்ந்து நகர்கிறது என்பதை உறுதி செய்ய லாசெலுக்கு 1847 ஆம் ஆண்டின் கோடைக்காலம் வரை தேவைப்பட்டது. டிரைட்டன் ஆறு நாட்களுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் நெப்டியூனைச் சுற்றி வருகிறது. அதுவும் கோள் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில். டிரைட்டன் என்ற பெயரை லாசெல் சூட்டவில்லை. அது பல ஆண்டுகளுக்குப் பின்னர் பிரெஞ்சு வானியலாளர் கமீல் பிளமாரியோன் முன்மொழிந்தது.

இல்லாத வளையம்

அதே அக்டோபர் மாதத்தில் லாசெல் வேறொன்றையும் கண்டதாக எண்ணினார். நெப்டியூனைச் சுற்றி, சனிக்கு இருப்பது போன்ற ஒரு வளையம் தெரிந்தது. வேறு சிலரும் அதைப் பார்த்தனர். கேம்பிரிட்ஜின் ஜேம்ஸ் சாலிஸும் 1847 தொடக்கத்தில் தம் தொலைநோக்கியில் வளையத்தைக் கண்டதாக அறிவித்தார். செய்தி நூல்களிலும் இடம்பெறத் தொடங்கியது.

லாசெல் அதை ஐயத்துடனேயே தொடர்ந்து ஆராய்ந்தார். அவருடைய தொலைநோக்கியின் குழாயைத் தாங்கியிலேயே தன் அச்சில் சுழற்ற முடியும். கண் வைக்கும் பகுதியை வசதியான பக்கத்துக்குக் கொண்டுவருவதற்காக அமைந்த வசதி அது. குழாயைச் சுழற்றிப் பார்த்தபோது வளையத்தின் திசையும் மாறுவதை 1852 இல் உணர்ந்தார். வானில் உள்ள பொருள் தொலைநோக்கியின் குழாயோடு சேர்ந்து சுழலாது. வளையம் கருவியில் உண்டான குறை என்று முடிவு செய்து, அதைக் கைவிட்டார். ஆடி தாங்கப்பட்ட விதத்தில் எஞ்சியிருந்த சிறு கோணலே காரணம் என்று வானியல் வரலாற்றாய்வாளர்கள் கருதுகின்றனர். நெப்டியூனுக்கு உண்மையாகவே வளையங்கள் உள்ளன என்பதை 1989 இல் வொயேஜர் 2 விண்கலம் உறுதி செய்தது. அவை மிகமிக மங்கலானவை. 24 அங்குல உலோக ஆடியில் தெரியக்கூடியவை அல்ல.

பிற கண்டுபிடிப்புகள்

1848 செப்டம்பரில் ஹைப்பீரியன் கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்காவின் ஹார்வர்டு வான்காணகத்தில் வில்லியம் பாண்டும் அவர் மகன் ஜார்ஜ் பாண்டும் அதைக் கண்ட இரண்டு நாட்களுக்குள், அவர்களைப் பற்றி அறியாமலேயே லாசெலும் கண்டார். துணைக்கோளுக்குப் பெயர் சூட்டியவர் லாசெல். 1850 டிசம்பரில், நண்பர் வில்லியம் டாவ்சின் வான்காணகத்தில் விருந்தினராக இருந்தபோது, சனியின் மங்கலான உள்வளையத்தை லாசெல் பார்த்தார். அதை மெல்லிய கிரேப்புத் துணிக்கு ஒப்பிட்டார். கிரேப்பு வளையம் என்னும் வழக்கு அதிலிருந்து வந்தது. 1851 சூலையில் முழுச் சூரிய கிரகணத்தைக் காண சுவீடன் சென்றார்.

யுரேனசுக்கு எத்தனை துணைக்கோள்கள் என்பது அக்காலத்தில் தீராத சிக்கலாக இருந்தது. வில்லியம் ஹெர்ச்செல் ஆறு என்று கூறியிருந்தார். அவற்றுள் டைட்டானியா, ஓபரான் ஆகிய இரண்டை மட்டுமே மற்றவர்களால் உறுதி செய்ய முடிந்தது. லாசெல் அக்டோபர் 24, 1851 அன்று ஏரியல், அம்பிரியல் இரண்டையும் கண்டார். இவை ஹெர்ச்செல் குறித்த எவற்றோடும் பொருந்தவில்லை. தொடர்ந்த அளவீடுகளின் பயனாக, ஹெர்ச்செலின் எஞ்சிய நான்கும் உண்மையில் துணைக்கோள்கள் அல்ல என்பது தெளிவாயிற்று. இந்நான்கு துணைக்கோள்களுக்கும் லாசெலின் வேண்டுகோளின்படி பெயரிட்டவர், ஹெர்ச்செலின் மகனான ஜான் ஹெர்ச்செலே. அதே 1851 இல் லிவர்ப்பூலுக்கு வந்த விக்டோரியா அரசி, லாசெலைச் சந்திக்க விரும்பினார்.

மால்ட்டாவில்

லிவர்ப்பூலின் ஆலைப்புகையும் மேகமும் லாசெலுக்குப் பெருந்தொல்லையாக இருந்தன. 1852 இல் அவர் எடுத்த முடிவு துணிச்சலானது. 24 அங்குலத் தொலைநோக்கியைக் கழற்றிக் கப்பலில் ஏற்றி, மத்தியதரைக் கடலிலுள்ள மால்ட்டாத் தீவுக்குக் கொண்டுசென்றார். மால்ட்டாவின் அகலாங்கு ஏறத்தாழ 36 பாகை. எனவே லிவர்ப்பூலுக்கென அமைந்த துருவ அச்சு அங்கே 17 பாகைக்கு மேல் தாழ்ந்து நிற்க வேண்டும். ஈக்குவடோரியல் தாங்கி ஓரிடத்துக்கென்றே அமைவது. இடம் மாறினால் புதிதாக நிறுவுவது போலத்தான். அங்கே கிடைத்த தெளிந்த வானில், சனியின் உருவம் கிரேப்பு வளையத்தின் ஊடாகத் தெரிவதை லாசெல் கண்டார். அடுத்த ஆண்டில் இங்கிலாந்து திரும்பினார். 1855 இல், பெருகிவந்த நகரிலிருந்து விலகி, பிராட்ஸ்டோன்ஸ் என்னும் இல்லத்துக்கு வான்காணகத்துடன் குடிபெயர்ந்தார்.

பின்னர் தம் மிகப் பெரிய தொலைநோக்கியை உருவாக்கினார். 48 அங்குல (ஏறத்தாழ 1.2 மீட்டர்) விட்டமும் 37 அடிக் குவியத் தொலைவும் கொண்ட இது 1861 இல் மால்ட்டாவில் நிறுவப்பட்டது. இதன் குழாய் மூடிய குழாயன்று. இரும்புப் பட்டைகளால் ஆன கூடு. உள்ளே சூடான காற்று தேங்கிப் பிம்பத்தைக் கலைக்காதிருக்கவே இவ்வாறு அமைத்தார். கவை போன்ற இரு கரங்கள் குழாயை ஏந்தின. அக்கவையே துருவ அச்சின் மேல் சுழன்றது. இத்தனை பெரிய கருவிக்குக் கூரை அமைக்கப்படவில்லை. காண்பவர், தொலைநோக்கியைச் சுற்றி நகரக்கூடிய உயர்ந்த கோபுரம் ஒன்றில் நின்று பார்த்தார். கவைத் தாங்கி இன்றும் வழக்கிலுள்ள அமைப்பு. சிறு தொலைநோக்கிகள் பலவும் அவ்வாறே விற்கப்படுகின்றன.

மால்ட்டாவில் உதவியாளராகப் பணியாற்றிய ஆல்பர்ட் மார்த் இத்தொலைநோக்கியால் 600 புதிய நெபுலாக்களைக் கண்டறிந்து அட்டவணைப்படுத்தினார். ஆனால் லாசெல் பெரிதும் எதிர்பார்த்திருக்கக்கூடிய புதிய துணைக்கோள்கள் எவையும் அகப்படவில்லை. யுரேனசின் ஐந்தாவது துணைக்கோளான மிராண்டாவும் நெப்டியூனின் இரண்டாவது துணைக்கோளான நெரீடும் 1948, 1949 ஆகிய ஆண்டுகளில்தான், ஒளிப்படத் தகடுகளின் உதவியால், ஜெரார்டு குயிப்பரால் கண்டுபிடிக்கப்பட்டன.

இறுதிக் காலம்

லாசெல் தம் 48 அங்குலத் தொலைநோக்கியை ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகருக்குத் தர முன்வந்தார். அக்கொடை ஏற்கப்படவில்லை. மெல்பர்னுக்கென அதே விட்டத்தில் புதிய தொலைநோக்கி ஒன்றை டப்ளினில் தாமஸ் கிரப்பு செய்தார். அதுவும் ஸ்பெகுலம் உலோக ஆடியைக் கொண்டதே. கண்ணாடியின் மேல் வெள்ளி பூசும் முறை 1850களிலேயே அறியப்பட்டிருந்தும் உலோகத்தையே தேர்ந்தெடுத்தது நல்ல முடிவாக அமையவில்லை. மெல்பர்ன் தொலைநோக்கி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. லாசெலின் 48 அங்குலத் தொலைநோக்கியோ 1865 இல் இங்கிலாந்து திரும்பிய பின் மீண்டும் நிறுவப்படவேயில்லை. அவர் வாழ்நாளிலேயே அது உடைக்கப்பட்டது.

இறுதி ஆண்டுகளை மெய்டன்ஹெட் நகரருகே ரே லாட்ஜ் என்னும் இல்லத்தில் கழித்தார். பழைய 24 அங்குலத் தொலைநோக்கியை அங்கே நிறுவினார். ஆடிகளை மெருகேற்றும் பொறியைத் திருத்தும் பணியும் தொடர்ந்தது. முதுமையில் கண்பார்வை குன்றியது. அக்டோபர் 5, 1880 அன்று காலமானார். 24 அங்குலத் தொலைநோக்கியை அவருடைய மகள்கள் 1883 இல் கிரீனிச் அரச வான்காணகத்துக்கு வழங்கினர்.

சிறப்புகள்

லாசெல் 1849 இல் அரச வானியல் கழகத்தின் தங்கப் பதக்கம் பெற்றார். அதே ஆண்டில் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1858 இல் அக்கழகத்தின் அரச பதக்கம் கிடைத்தது. 1870 முதல் 1872 வரை அரச வானியல் கழகத்தின் தலைவராக இருந்தார். 1874 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மதிப்புறு பட்டம் அளித்தது.

நிலாவிலும் செவ்வாயிலும் ஒவ்வொரு கிண்ணக்குழிக்கும், 2636 என்னும் எண்ணுடைய சிறுகோளுக்கும் லாசெலின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. வொயேஜர் 2 நெப்டியூனை அணுகியபின், அக்கோளின் உண்மையான வளையங்களுள் ஒன்றுக்கும் லாசெல் வளையம் என்று பெயரிடப்பட்டது.